தண்ணீர் கேட்ட கூலி

சென்றாயன் போட்ட குழாயில் தண்ணீர் மேட்டைப் பார்த்துத்தான் ஓடும். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. மலைமேல் இருக்கும் குண்டனி நாட்டில் இதை யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. முதல் குழாயில் தண்ணீர் ஏறிய வாரம் மிளகு விலை இறங்கியிருந்ததால் பேசுவதற்கு வேறு விஷயம் இருந்தது.

முறை எளிமையானது. சந்தையில் பேரம் பேசுகிறவர்கள் கையைத் துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்தே விலையை முடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. சென்றாயனும் ஊற்றடியில் குழாயின் வாய்மேல் துண்டைப் போர்த்தி, உள்ளே கையை விடுவான். தண்ணீர் வந்து அவன் விரல்களைப் பிடிக்கும். எந்த வீடு வரை, எத்தனை செங்குத்து, ஏறினால் என்ன தருவாய் என்று இரண்டு தரப்பும் இழுத்துப் பிடிக்கும். தண்ணீர் லேசில் படியாது. பாறை வழுக்குகிறது என்று பிகு பண்ணும். கடைசியில் எப்போதும் ஒரே கூலியில் வந்து நிற்கும்: பாதி ஏற்றத்தில் ஒரு பலாமரத்தடியில் கொஞ்சம் மண்ணில் இறங்கி இளைப்பாற வேண்டும். ஆகவே சென்றாயன் போட்ட ஒவ்வொரு லைனிலும் ஒரு மூட்டு, அவன் தெரிந்தே விட்டது, ஒழுகிக்கொண்டிருக்கும்.

சோளக்காடு என்ற ஊரில் மோட்டார் கடை வைத்திருந்த வேல்முருகனுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. விற்காத மோட்டார்களுக்கு நடுவே கோழி அடைகாத்தது. உரிமம் இல்லாத ஆள் லைன் போடுகிறான் என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். விதி என்னவோ அவர் பக்கம்தான். அங்கிருந்து ஒரு அதிகாரி வந்து எல்லா லைனையும் மூடி முத்திரை வைத்துவிட்டுப் போனார். உச்சிமேட்டில் இருந்த சென்றாயனின் மாமியார் மாதம்மாள் வீட்டு லைனும் அதில் போனது. அம்மா தனியாகக் குடம் சுமக்கிறாள் என்று மனைவி தேன்மொழி நாலு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு மேலே ஏறிவிட்டாள். "எங்கம்மா ஊட்டு லைனு என்னைக்குத் தொறக்குதோ, அன்னைக்கு வாரேன்" என்றாள். சண்டையும் இல்லை, கோபமும் இல்லை. கோபமென்றால் சமாதானம் பேசியிருப்பான். இதற்கு உரிமம்தான் வாங்கியாக வேண்டும்.

தேர்வு நாமக்கல்லில். எழுத்தில் தேறிவிட்டான். செய்முறையில், தரையிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு லைன் போட்டு, ஒரு சொட்டு ஒழுகாமல் காட்ட வேண்டும். ஆளுக்கொரு மோட்டார் கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் மோட்டாரைப் பூட்டி வேலையை முடித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். சென்றாயன் பழக்க தோஷத்தில் துண்டைப் போர்த்திப் பேரத்தை முடித்துவிட்டான். டவுன் தண்ணீர் அதிகம் கேட்கவில்லை. படிக்கட்டில் வாடிக் கிடந்த குரோட்டன்ஸ் செடியின் தொட்டியில் கொஞ்சம் இறங்கினால் போதும் என்றது. அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. கூலி கொடுத்தால் மூட்டு ஒழுகும், உரிமம் போகும். கொடுக்காவிட்டால் பேச்சு மாறியவன் என்று பேராகிவிடும், மலையில் எந்த ஊற்றும் இனி அவன் விரலைத் தொடாது. தண்ணீருக்குள் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அந்தத் தண்ணீரோ முதல் மாடி வரை ஏறி வந்து, கூலிக்குக் காத்து நின்றது.

தேர்வாளர் கோகிலவாணி, மரவள்ளிக் கிழங்கு மண்டி நடத்திய குடும்பத்துப் பெண். ஏன் வேலை நிற்கிறது என்று கேட்டார். சென்றாயன் உள்ளதைச் சொன்னான். அவர் ஆச்சரியப்படவில்லை. மண்டியில் இதைவிட மோசமான பேரங்களைப் பார்த்தவர்.

"பேரம் முடிஞ்சுதுங்களா, இன்னும் இழுபறியா?"

"முடிஞ்சு போச்சுங்க மேடம்."

"முடிச்சத மாத்தக் கூடாது. சரி, மூட்டு ஒழுகோணும்னு பேசுனீங்களா, மண்ணுல எறங்கோணும்னு பேசுனீங்களா?"

சென்றாயன் யோசித்தான். "மண்ணுல எறங்கோணும்னுதானுங்க."

"அப்பறம் எதுக்குங்க மூட்டக் கெடுக்கறீங்க? அந்த எடத்துல ஒரு டேப்ப வெச்சுத் தொறந்து உட்டுடுங்க. மூட்டு ஒழுகுனா நான் மார்க்கு போட முடியாது. டேப்பு தொறந்திருந்தா எனக்கென்னங்க?"

டேப்பை வைத்தான். தண்ணீர் குரோட்டன்ஸ் தொட்டியில் இறங்கி மூச்சு வாங்கியது, பிறகு முனகாமல் மொட்டைமாடி ஏறியது. கோகிலவாணி ஒவ்வொரு மூட்டாக விரலால் தடவிப் பார்த்து, விரல் ஈரமாகாததால் கையெழுத்துப் போட்டார்.

உரிமம் வந்தது, முத்திரைகள் போயின. ஒழுகிய மூட்டுகளையெல்லாம் கழற்றிவிட்டு சென்றாயன் டேப் வைத்தான். டேப்புகள் வேல்முருகன் கடைச் சரக்குதான், அவர் விலையில் ஒரு பைசா இறங்கவில்லை. கடைசியாக உச்சிமேட்டு லைன். பலாமரத்தடியில் வழக்கம்போல் இளைப்பாறிவிட்டு, தண்ணீர் மாமியார் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னாலேயே சென்றாயனும் மூச்சிரைக்க ஏறிப் போனான்.

மாதம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏனுங்க மாப்பிள்ள, இத்தன வேகம் எதுக்குங்க? கொத்தமல்லிப் பாத்திய அரிச்சுட்டுப் போகுது. கொஞ்சம் மெதுவா வரச் சொல்றது."

நாளைக்குப் பேசிப் பார்க்கிறேன் என்று சென்றாயன் சொன்னான். அதற்குள் தேன்மொழி பையோடு பாதி இறக்கம் போயிருந்தாள்.