இணைய வரிக்கு விழாத ஓட்டு

ஊர் வரியைக் கூட்டலாமா என்ற ஓட்டெடுப்பில் 'வேண்டாம்' என்று குறித்துவிட்டு வந்த நெவில் கூல்தார்ட், அன்று மாலையே 'வேண்டும்' என்று குறித்தவர்களுக்கெல்லாம் சிரித்த முகத்தோடு பீர் ஊற்றிக் கொடுத்தான்.  உறுத்தல் பிறகுதான் வந்தது.

விஷயம் இதுதான். மேலே மலைச்சரிவில் இருக்கும் நாலு பண்ணைக்காக இன்டர்நெட் கேபிள் இழுக்க எந்தக் கம்பெனியும் தயாராக இல்லை. சரி, நாமே இழுத்துக்கொள்வோம் என்று ஊராட்சி முடிவு செய்தது. எல்லா வீட்டுக்காரர்களும் சில வருஷத்துக்கு வரி கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் கடைசிப் பண்ணை வரை கேபிள் போய்விடும்.

பாலத்தடியில் இருக்கும் நெவிலின் பப்புக்கு மட்டும் அந்தக் கவலை கிடையாது. பெரிய சாலையை ஒட்டிய இடம் என்பதால் அங்கே இன்டர்நெட் பறக்கும். உண்மையைச் சொன்னால் அவன் பிழைப்பே அதில்தான் ஓடியது. பத்து ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டினாலும் மலைப்பண்ணைக்காரன் டெரெக் ரெய்ன் அதை அரசாங்கத்துக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். அவன் வீட்டில் அந்த இணையப் பக்கம் திறப்பதற்குள் ஆடு கிழடாகிவிடும். அதனால் சேற்று பூட்சும் லேப்டாப்புமாகக் கீழே இறங்கி வருவான். சும்மா உட்காரக் கூச்சப்பட்டு அரை கிளாஸ் பீர் வாங்குவான். மேலே குடியிருக்கும் நர்ஸம்மாவும் இன்டர்நெட்டுக்காக வந்து சூப் வாங்குவாள். இப்படி ஒவ்வொருவரும் ஏதோ ஒன்று.

கூட்டத்தில் எழுந்து வரிக்கு ஆதரவாக உருக்கமாகப் பேசியவனும் நெவில்தான். ஓட்டுச்சீட்டின் முன்னால் பென்சிலோடு நின்றபோதுதான் கேபிள் வந்தபின் தன் பப்பில் கிடக்கப்போகும் காலி நாற்காலிகள் கண்ணில் வந்து நின்றன.

முடிவு சரிக்குச் சமம். சமம் என்றால் தோல்வி; ஒரே ஒரு ஓட்டு கூடியிருந்தால் போதும்.

பழி ஓலிவ் டீஸ்டேல் தலையில் விழுந்தது. பல வருஷம் அந்த மலையெல்லாம் நடந்து வீடு வீடாகத் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவள். வாய் கொஞ்சம் நீளம். கூட்டத்தில், "எங்கிட்ட கம்ப்யூட்டரே இல்ல. நீங்க படம் பாக்க நான் ஏன் வரி கட்டணும்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருந்தாள். பப்புக்கு வருகிறவர்களில் வரியை வெளிப்படையாக எதிர்த்தவள் அவள் ஒருத்திதான். அது போதுமே.

வியாழக்கிழமைதோறும் பப்பில், புள்ளி போட்ட கட்டைகளை வைத்து ஆடும் டாமினோ ஆட்டம் நடக்கும். ஜோடி ஜோடியாக ஆடுவார்கள். ஓலிவுக்கு ஜோடி டெரெக். அந்த வியாழக்கிழமை டெரெக் வேறு மேசைக்குப் போய்விட்டான். அடுத்த வியாழக்கிழமையும் அப்படித்தான். ஓலிவ் தன் மேசையில் தனியாக உட்கார்ந்து, கட்டைகளைக் கலைத்துப் பரப்பினாள். எதிரே யாரும் வரவில்லை. மறுபடி அடுக்கிப் பெட்டிக்குள் வைத்தாள். கவுண்டருக்குப் பின்னால் நின்ற நெவில் இதையெல்லாம் பார்த்தான்.

ஒரு கப் டீயை எடுத்துப்போய் அவள் முன்னால் வைத்தான். "காசு வேண்டாம், ஓலிவ்."

"ஏன், எனக்கு என்ன கேடு?" சில்லறையை எண்ணி வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் வரி வேணும்னுதான் ஓட்டுப் போட்டேன்," என்றாள்.

நெவில் அவள் பக்கம் குனிந்தான். "கூட்டத்துல அப்படிப் பேசினீங்களே?"

"பேசுவேன். என்னை யாரு ஒரு வார்த்தை கேட்டாங்க? ஆனா சீட்டு கையில வந்ததும், பனியில இந்த டெரெக் பய லேப்டாப்பைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வழுக்கி வழுக்கி இறங்கறது ஞாபகம் வந்துச்சு. போட்டுட்டேன்."

"அதைச் சொல்லலாமே எல்லார்கிட்டயும்."

"சொன்னா? அப்போ வேற யாருன்னு தேடுவாங்க." அவனை நிமிர்ந்து பார்த்தாள். "கேபிள் வந்தா யாருக்கு நஷ்டம்னு எனக்குத் தெரியாதா? ஆள் தெரிஞ்சுட்டா இந்தக் கடைக்கு எவன் வருவான்? கடையை மூடிட்டா வியாழக்கிழமை நான் எங்க போவேன்?"

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் இரண்டு வாரமாகத் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். நெவிலுக்கு அங்கேயே பூமிக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்து டெரெக் கிளாஸைத் தூக்கினான். "வரி போனா போகுது. நம்ம நெவில் இருக்கான்ல. இவன் மட்டும் இல்லேன்னா நம்ம கதி என்ன?" எல்லாரும் கிளாஸைத் தூக்கினார்கள்.

"நிறுத்துங்கப்பா," என்றான் நெவில். "ஓலிவ் இல்ல. வேண்டாம்னு போட்டது நான்."

 டெரெக் சிரித்தான். "பாத்தீங்களா, அந்தம்மாவுக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கிறான். இந்த மனசு யாருக்கு வரும்?" நர்ஸம்மா நெவிலின் கையைத் தட்டிக் கொடுத்தாள். இரண்டொருவர் ஓலிவை முன்னைவிடக் கடுமையாகப் பார்த்தார்கள்.

உண்மையைச் சொல்லியும் நல்லவனாகவே நிற்பது எவ்வளவு கேவலம் என்று நெவிலுக்கு அப்போது புரிந்தது.

"டெரெக், லேப்டாப் இல்லாம இந்தக் கடைக்கு நீ கடைசியா எப்ப வந்தே?"

டெரெக் மேசைமேல் திறந்திருந்த லேப்டாப்பைப் பார்த்தான். 

"நர்ஸம்மா, என் சூப் உங்களுக்குப் பிடிக்குமா? பிடிக்காது, எனக்குத் தெரியும். உங்க வீட்டுக்கெல்லாம் கேபிள் வந்துட்டா இங்க யாருய்யா வருவீங்க? அதை நினைச்சுத்தான் போட்டேன். ஓலிவ் வரி வேணும்னு ஓட்டுப் போட்டவங்க. நான் செஞ்சதுக்கு இவங்க பேச்சு வாங்கறாங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நர்ஸம்மா கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இன்னும் இரண்டு பேர் பின்னாலேயே போனார்கள். டெரெக் லேப்டாப்பை மூடினான். அவனும் போகிறான் என்றுதான் நெவில் நினைத்தான். ஆனால் அவன் நெவிலைத் திரும்பியும் பார்க்காமல் நடந்துபோய் ஓலிவுக்கு எதிரே உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து கட்டைகளைக் கொட்டினான். அவன் முகம் சிவந்திருந்தது.  ஓலிவ் தன் பங்குக் கட்டைகளை எடுத்து நிறுத்தினாள்.

யாரும் குடிக்க எதுவும் கேட்காததால் நெவில் துடைத்த கிளாஸையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

"பேசாம இருந்திருக்கலாம்ல, முட்டாள்," என்றாள் ஓலிவ், கட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சரி, அரை கிளாஸ் பீர் கொண்டா. இவனுக்கும் ஒண்ணு. அடுத்த தடவை வரிக்கு ஒழுங்கா ஓட்டுப் போடு. வியாழக்கிழமை எப்பவும்போல நான் வருவேன்."