பதில் சொல்ல மறுத்தவர்

கன்னக்குழி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. காது கேளாதோர் பள்ளியில் கூடப் படித்தவர்கள் வைத்தது. கன்னத்தில் ஒரு விரலை வைத்துத் திருகினால் அவள் வந்துவிடுவாள். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரைக் கையால் எழுத்தெழுத்தாகச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால், அவர்கள் வட்டத்தில் எல்லோருக்கும் ஒரு கைப்பெயர் உண்டு. எதிராளிக்கும் உண்டு. குடிநீர்த் துறைச் செயலாளருக்கு மணிக்கட்டைத் தட்டிக் காட்டி ‘வாட்ச்’ என்று வைத்திருந்தார்கள். எதிரே யார் அழுதாலும் அந்த மனிதர் பார்ப்பது கடிகாரத்தைத்தான்.

துறையின் நீர் ஆய்வகத்தில் டெக்னீஷியன் வேலை. எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்தவள் கன்னக்குழி. நேர்முகத் தேர்வுக்குப் போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் அவளைப் பார்த்து வாயை அசைத்தார்கள். சைகைமொழி பெயர்ப்பாளர் எங்கே என்று காகிதத்தில் எழுதி நீட்டினாள். ஒருவர் அதைப் படித்துவிட்டு, அன்பாகச் சிரித்து, போகலாம் என்று கையைக் காட்டினார். அது ஒன்றுதான் அன்றைக்கு அந்த அறையில் அவளுக்குப் புரிந்த சைகை. பிறகு வந்த முடிவில் காரணம் போட்டிருந்தது: ‘விண்ணப்பதாரர் பதில் சொல்ல மறுத்தார்.’

அரசின் சமத்துவக் கொள்கை என்று ஒன்று இருக்கிறது. வழவழப்பான தாள், அட்டையில் பல்வேறு மனிதர்கள் சேர்ந்து சிரிக்கிற படம். காது கேளாதவர் வந்தால் பெயர்ப்பாளர் இல்லாமல் நேர்முகத் தேர்வு நடத்தக்கூடாது என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. எழுதியவர்களுக்குப் புண்ணியம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று தெரிந்துதானே இவ்வளவு நன்றாக அச்சடிக்கிறார்கள். கன்னக்குழி புகார் கொடுத்தாள். ‘பெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தோம், அவர்தான் பயன்படுத்திக்கொள்ளவில்லை’ என்று துறை பதில் கொடுத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்கு ஒரு பெயர்ப்பாளரை இல்லாத இடத்தில் உட்காரவைப்பது பெரிய காரியமா?

இன்று சமத்துவக் கண்காணிப்புக் குழுவின் முன் கடைசி விசாரணை. புகாரை இன்று மூடிவிட்டால் அடுத்த மாதம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் அரசு வேலை என்பதையே மறந்துவிட வேண்டியதுதான். தனியார் ஆய்வகத்தில் சோதனைப் புட்டிகளைக் கழுவிக்கொண்டே காலம் ஓடிவிடும்.

குழுத் தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. அவருக்கு வலப்பக்கம் ஒரு பெண் மருத்துவர். இடப்பக்கம் ஒரு பேராசிரியர், வந்ததிலிருந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலைவரை ஒட்டி, மேசையின் ஓரத்தில் வாட்ச். அவருக்குப் பக்கத்திலேயே, கன்னக்குழியைப் பார்த்தபடி, பெயர்ப்பாளர் சுருட்டை அக்கா. பேசுகிறவர் முகமும் பெயர்க்கிறவர் கையும் ஒரே பார்வையில் விழவேண்டும் என்பதால் அந்த இடம். பின்பெஞ்சில் கன்னக்குழியின் அண்ணனும் அவளுடைய பள்ளிக் கூட்டமும்.

தொடங்கும்போதே அக்கா எழுந்து, வழக்கப்படி வாயாலும் கையாலும் சொன்னாள்: “இந்த ரூம்ல காதுல விழறதை எல்லாம் கையில சொல்லுவேன். கையில சொல்றதை எல்லாம் வாயால சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.” தலைவர் தலையாட்டினார். விமானத்தில் சீட் பெல்ட் பற்றிச் சொல்லும்போது ஆட்டுவார்களே, அப்படி.

விசாரணை இழுத்தது. வந்ததாகச் சொல்லும் பெயர்ப்பாளரின் பெயர் என்ன என்று மருத்துவர் கேட்டார். கோப்பைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்றார் வாட்ச். கோப்பு எங்கே? அலுவலகத்தில். அலுவலகம் எங்கே? இதே கட்டடத்தில்தான், ஆனால் அந்த எழுத்தர் விடுப்பில் இருக்கிறார். கன்னக்குழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாமா என்று கையைத் தூக்கும்போது, தலைவர் சிறிது இடைவேளை என்று சொல்லி மைக்கை அணைத்தார்.

காது கேட்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மைக்கை அணைத்துவிட்டால் பேசுவது பேச்சில் சேராது என்று நினைப்பார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்கிற அதே கணக்கு. வாட்ச் தலைவர் பக்கம் சாய்ந்தார். மடியில் கிடந்த சுருட்டை அக்காவின் கைகள் எழுந்தன. சோம்பல் முறிக்கிறாள் என்றுதான் கன்னக்குழி முதலில் நினைத்தாள். அக்கா வாட்சைச் சுட்டிவிட்டு, அவர் பேசுவதைக் கையில் சொல்லத் தொடங்கினாள்.

“அன்னிக்கு ஆளை வரச் சொல்லவே இல்லை சார். வந்திருந்தா இந்தப் பொண்ணுக்குத்தான் வேலையைக் குடுக்க வேண்டியிருக்கும். ஆய்வகத்துல ஃபோன் அடிச்சா யார் எடுக்கறது? இன்னிக்கு மூடிட்டீங்கன்னா அடுத்த மாசம் வயசு தாண்டிடும். தொல்லை விட்டுது.”

அக்காவின் பெயரும் அரசு வைத்திருக்கும் பெயர்ப்பாளர் பட்டியலில்தான் இருக்கிறது. பிடிக்காதவர் பெயரை அடிக்க ஒரு பேனா போதும். ஆனாலும் ஒரு சொல்லையும் அவள் விழுங்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் கெட்டது அக்காவின் கையால்.

கன்னக்குழிக்கு ஆத்திரமாக இருந்தது. அதே நேரத்தில் குதிக்க வேண்டும் போலவும் இருந்தது. இத்தனை நாள் அவள் மட்டும் அறிந்திருந்த உண்மையை அந்த ஆளே தன் வாயால் சொல்லிவிட்டார். குதிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளைத் தூக்கி, நிதானமாகச் சொன்னாள். அக்காவின் வாய் அசைந்தது: “செயலாளர் இப்போ சொன்னதைப் பதிவுல சேர்க்கணும்னு நான் கேட்டுக்கறேன்.”

தலைவர் திடுக்கிட்டு அக்காவைப் பார்த்தார். “நீங்க எதுக்கும்மா கேக்கறீங்க?”

“நான் கேக்கலை சார். அவங்க கேக்கறாங்க.”

வாட்சுக்கு முகம் வெளுத்தது. “இடைவேளையில பேசறதை எல்லாமா சொல்லுவீங்க? முதல்ல கையை நிறுத்துங்க.”

அக்கா அதையும் கையில் சொன்னாள். பின்பெஞ்சு மொத்தமும் குலுங்கிச் சிரித்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். “மைக் அணைஞ்சிருந்தது. அது தனிப்பட்ட பேச்சு. பதிவுல வராது.”

கன்னக்குழியின் கைகள் இந்த முறை வேகமாக வந்தன. அக்கா மூச்சு வாங்கினாள். “ஐயா, எனக்கு மைக் பொறந்ததுல இருந்தே அணைஞ்சுதான் இருக்கு. அதனால என்கிட்ட பேசினது எதுவுமே பேச்சு இல்லைன்னு ஆயிடுமா? இது அரசாங்க விசாரணை. அவர் பேசினது என் புகாரைப் பத்தி. தனிப்பட்ட பேச்சுன்னா வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கணும்.”

மருத்துவர் பேனாவை மூடிவைத்தார். “எனக்கும் கேட்டுது. பதிவுல சேர்க்கலைன்னா, கேட்டதை நான் தனியா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பேன்.”

பேராசிரியர் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தலைவர் கெட்டவர் இல்லை. வம்பு வேண்டாம் என்பவர். இந்த நாட்டில் பாதி அநியாயம் கெட்டவர்களால் நடக்கிறது, மீதி இவர்களால். அவர் வாட்சுடன் பேசினார், அக்கா அதையும் ஒளிக்காமல் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் தலைவர் கன்னக்குழியைப் பார்த்து, குரலை இறக்கியிருப்பார் போலிருக்கிறது, குனிந்து பேசினார்.

“இங்க பாரும்மா. ஆய்வகத்துல இன்னொரு இடம் காலியா இருக்காம். அதை உனக்கே குடுக்கறேங்கறார், இந்த வாரமே. புகாரை வாபஸ் வாங்கிக்கோ. இல்லை, தீர்ப்புதான் வேணும்னா, அந்த நேர்முகத் தேர்வே செல்லாதுன்னு எழுதணும். எல்லாரும் முதல்ல இருந்து வரணும். அப்போ இருந்த வயசையே கணக்குல எடுத்துப்போம், சரி. ஆனா நீ ஜெயிப்பேன்னு யாரும் சொல்ல முடியாது.”

பின்பெஞ்சில் அண்ணன் எழுந்து நின்றுவிட்டான். அவனுடைய சைகைமொழி எப்போதும் அரைகுறைதான். வாங்கிக்கோ, வாங்கிக்கோ என்று இரண்டு கையாலும் காற்றிலிருந்து எதையோ அள்ளி அள்ளி மடியில் போட்டுக் காட்டினான். அவனைக் குறை சொல்ல முடியாது. அவள் சோர்ந்து வீடு திரும்பும் மாலைகளில் எதிரே உட்கார்ந்திருப்பவன் அவன்தான்.

அவளுக்கும் ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்த ஆய்வகத்துக்குள் நுழைவதை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தவள். இப்போது தலையை ஆட்டினால் போதும். ஆனால் பின்பெஞ்சில் அண்ணனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் கைகளை மடியில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் இதே போன்ற அறைகளிலிருந்து ஒரு புன்னகையோடு வெளியே அனுப்பப்பட்டவர்கள்.

“வேலை எனக்கு வேணும்,” என்று அக்காவின் வாய் சொன்னது. “ரொம்ப வேணும். ஆனா இதை வாங்கிக்கிட்டா, கொள்கைப்படி எனக்குக் கிடைச்சதா இருக்காது. இவர் போட்ட பிச்சையா இருக்கும். அடுத்து வர்றவங்களுக்கு அதுவும் இருக்காது. நான் பதில் சொல்ல மறுத்தேன்னு எழுதியிருக்காங்க. நான் மறுக்கலை. என்னைக் கேக்கவே இல்லை. அதை எழுதுங்க. தீர்ப்பைக் குடுங்க.”

வாக்கெடுத்தார்கள். மருத்துவர் கையைத் தூக்கினார். பேராசிரியர் ஒருமுறை கூரையைப் பார்த்துவிட்டுத் தூக்கினார். வேறு வழி இல்லாமல் தலைவரும் தூக்கினார். துறை கொள்கையை மீறியது. குழுவிடம் பொய் சொன்னது. நேர்முகத் தேர்வு செல்லாது. இனி பெயர்ப்பாளர் இல்லாத அறையில் யாரையும் தேர்வு செய்யவும் கூடாது, தள்ளவும் கூடாது. செயலாளரின் பேச்சு வார்த்தைக்கு வார்த்தை அறிக்கையில் ஏறியது. பின்பெஞ்சில் கைகள் எல்லாம் உயர்ந்து விரல் விரித்து ஆடின. அவர்களுடைய கைத்தட்டல் அப்படித்தான். வாட்ச் அன்றைக்கு முதல்முறையாக மணி பார்க்க மறந்துபோனார்.

வெளியே வாசற்படியில் அண்ணன் அவளை நிறுத்தினான். கோபத்தில் அவனுக்குக் கை இன்னும் குழறியது. “கையில வந்ததை உதறிட்டியே. மறுபடியும் இன்டர்வியூல உக்காரணும். தோத்துட்டா என்ன பண்ணுவே?”

கன்னக்குழி அவனுக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

“கேள்வி கேட்டு, நான் பதில் சொல்லி, அப்புறம் தோத்தா, அது என் தோல்வி. அதை நான் தாங்கிக்குவேன்.”

அண்ணன் படியில் உட்கார்ந்து, அவளையும் பக்கத்தில் உட்காரவைத்தான். தண்ணீரில் குளோரின் கூடிவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று, தெரிந்த அரைகுறைச் சைகையில், திக்கித் திணறிக் கேட்டான்.

அவள் பதில் சொல்லத் தொடங்கினாள்.