மூன்று குரல், ஓர் இரைச்சல்

எங்கள் வீட்டில் மூன்று குரல்கள்தான் இருக்கின்றன. மாமனார் வீடு கட்டும்போது மூன்றுதான் போட்டார். ஹாலில் சுவிட்சு போர்டுக்குக் கீழே உள்ள தகரப் பெட்டியிலிருந்து அவை வருகின்றன. மேல் குரல் அத்தைக்கு. கனத்த குரல் என் கணவர் சென்னியப்பனுக்கு. நடுக் குரல் மாமனாருடையது. அவர் இறந்ததும் அது கொழுந்தனார் தரணிதரனுக்குப் போனது. அதுவரை தரணி ஒரு வார்த்தை பேசியதில்லை. ரொம்ப அடக்கமான பையன் என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் கல்யாணமாகி வந்தபோது எதுவும் மிச்சமில்லை.

யாராவது தூங்கினாலோ, வெளியே போனாலோ, வாயில் சோறு இருந்தாலோ அந்தக் குரல் காலியாகும். அப்போது நான் அதை எடுத்துப் பேசலாம். ஒருமுறை என் அம்மாவுக்கு போன் செய்தேன். கணவரின் குரல்தான் கிடைத்தது.

"அம்மா, நான் சம்பூர்ணம் பேசறேன்" என்றேன்.

அம்மா போனைக் கையால் மூடிக்கொண்டு அப்பாவிடம் சொன்னது கேட்டது. "மாப்பிள்ள தண்ணியப் போட்டிருக்காராட்ட இருக்குதுங்க."

பகலில் கணவர் கிரைண்டர் பட்டறைக்குப் போய்விடுவார். அவர் குரலில் அத்தைக்குப் பதில் சொன்னால் அத்தை குழைந்து, "சாப்டறயா சாமி?" என்பார். திரும்பி என் முகத்தைப் பார்த்ததும் தட்டை உள்ளே வைத்துவிடுவார்.

இதற்காகத்தான் கம்ப்யூட்டர் வாங்கினேன்.

உக்கடத்தில் பழைய சாமான் கடையில் கிடந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்து மாடல். கீபோர்டுக்குள்ளேயே மொத்தக் கம்ப்யூட்டரும் அடங்கியிருந்தது. டிவியில் மாட்ட வேண்டும். கேசட்டில் எழுதும், கேசட்டிலிருந்து படிக்கும்.

"இதுல பாட்டு வருமுங்க்கா" என்றார் கடைக்காரர். "ஒரே நேரத்துல மூணு குரல்."

"மூணும் யாருது?"

"வாங்கறவங்களுதுதானுங்க."

தூக்கிக்கொண்டு வந்தேன்.

பின்னறையில் பழைய டிவியோடு சேர்த்து வைத்தேன். அதில் பாட்டை எண்களாகத் தட்ட வேண்டும். ஓர் எண் சுருதி. அடுத்த எண் அது எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது. நான் சோமனூரில் விசைத்தறிகளுக்கு நடுவில் பிறந்தவள். தறி அடிக்கிற அடிக்கு மேல் மூன்று குரல்கள் ஒன்றையொன்று துரத்திப் போகிற மாதிரி ஒரு பாட்டு எழுதினேன். நினைவகம் நிறைந்துவிடும். முன்னால் போட்டதில் கொஞ்சம் பிடுங்கிப் பின்னால் இடம் பண்ணுவேன். பாட்டு மெலிந்தது. மெலிந்ததும் நன்றாக ஓடியது.

கேசட் ஓடும்போது வீட்டின் நடைவழி நீளும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் அது சகஜம். அத்தை சமையலறையிலிருந்து கூப்பிடுவார். நான் கதவுகளைக் கடந்து நடந்துகொண்டே இருப்பேன். போய்ச் சேரும்போது குழம்பு ஆறியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேசட்டைப் போட்டேன். நடைவழி நீளவில்லை. திரையில் எழுத்து வந்தது.

டீ எங்கே?

பாட்டை ஓட்டும்படி தட்டினேன். மூன்று குரல்களும் ஒன்றாகக் கிளம்பின. மூன்றும் கணவருடையவை. கிரைண்டர் உற்பத்தியாளர் சங்கத்தின் வருங்காலம் பற்றி அவை பேசின.

ஹாலுக்குப் போனேன். தரணி வாயில் இட்லி இருந்தது. அவன் குரலை எடுத்துக்கொண்டேன்.

"என்ற கேசட்டுல என்ன பண்ணுனீங்க?"

கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தரணி, நீ எதுக்குடா கத்தற?"

"நான்தானுங்க கத்தறேன். அதுல என்ற பாட்டு இருந்துச்சு."

"பாட்டா? போட்டுக் கேட்டேன் புள்ள. கீ கீனு கத்துச்சு. கெட்டுப்போன கேசட்டுன்னு சங்கத்துல பேசறத ஒருக்கா அதுல பேசிப் பாத்தேன்."

"வேற எதுலயும் எடுத்து வெக்கல நான்."

"சரி, அதுக்கென்ன இப்ப?"

தரணி இட்லியை விழுங்கினான். என் குரல் நின்றது. சமையலறைக்குப் போய் நின்றேன். அடுப்பில் இருந்த பால் திரிந்தது. பக்கத்திலிருந்த தயிர் மறுபடி பாலானது.

மறுநாள் குரல் அலுவலகத்துக்குப் போனேன். அது ஒரு ஜவுளிக் கடையின் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. உள்ளே கூரை தெரியவில்லை. அதிகாரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மெல்லும்வரை வரிசையில் இருந்த எல்லாரும் மென்றோம்.

வெளியில் எனக்கு என் குரல் இருக்கிறது. அதில் பேசினேன்.

"எங்க வீட்டுக்கு இன்னொரு குரல் வேணுமுங்க."

"மூணுதான் வருமுங்க."

"நாங்க நாலு பேருங்க."

"ஒருத்தரக் கொறச்சுக்கங்க."

"அந்த ஒருத்தி நான்தானுங்க."

"அப்பச் சரியாப் போச்சுங்களே."

அவர் பூக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு தராசை முன்னால் நகர்த்தினார். தட்டில் பேசச் சொன்னார். என் பெயரைச் சொன்னேன். முள் அசையவில்லை. மாமனார் பெயர், ஊர், கணவர் செய்த காரியம் எல்லாவற்றையும் சொன்னேன். முள் அசையவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர் கொட்டாவி விட்டார்.

அப்போது கத்தினேன். வார்த்தை ஒன்றும் இல்லை. வெறும் கத்தல். தராசின் முள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கழன்று, அதிகாரியின் சாம்பாரில் விழுந்தது.

அவர் அதை எடுத்துத் துடைத்தார்.

"இது குரல் இல்லீங்க. இரைச்சல்."

"அப்படின்னா?"

"எல்லா வீட்லயும் மூணு குரலும் ஒரு இரைச்சலும் உண்டுங்க. உங்க வீட்டு இரைச்சல் நீங்க. அதுக்கு யாருகிட்டயும் கேக்க வேண்டியதில்லை. எத்தன வேணும்னாலும் போட்டுக்கலாம்."

நான் நன்றி சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் தரணிக்குப் பேசியிருந்த பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. நான் பஜ்ஜி போட வேண்டும். போடவில்லை. பின்னறைக்குப் போய்க் கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினேன். கரண்ட் போனால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். கணவரை மறந்தது. மறுபடி மாட்டி, பாட்டை மனதிலிருந்து முதல் எண்ணிலிருந்து தட்டினேன். விரல் வலித்தது. இந்தத் தடவை எதையும் பிடுங்கவில்லை. நினைவகம் நிறைந்தும் தட்டினேன். அது வாங்கிக்கொண்டது.

கம்ப்யூட்டரிலிருந்து ஒரு வயரை ஹாலுக்கு இழுத்துத் தகரப் பெட்டியில் செருகினேன்.

பெண் வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். வழக்கத்துக்கு மாறாகப் பெண்ணும் வந்திருந்தாள். அவள் பெயர் சிந்துஜா. சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

"வாங்க வாங்க, சம்பூ, தண்ணி கொண்டா" என்றார் கணவர். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

நான் பின்னறையில் பாட்டை ஓட்டினேன். திறந்த கதவு வழியாக ஹால் தெரிந்தது.

கணவர் வாயைத் திறந்தார். என் பாட்டின் அடி வரி வந்தது. வாயை மூடப் பார்த்தார். பாட்டில் அந்த இடத்தில் ஓய்வு இல்லை. அத்தை அவரை அதட்டப் போனார். மேல் வரி வந்தது, சுத்தமான சுருதியில். தரணி நடுவில் சேர்ந்துகொண்டான். மூன்றும் ஒன்றையொன்று துரத்தின. கணவரின் கழுத்து நரம்பு புடைத்தது. நிறுத்தும்படி என்னை நோக்கிக் கை கூப்பினார். அவர் கை கூப்பி நான் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு நான் வாயைத் திறந்தேன். தறி அடித்தது. ஒரு தறி இல்லை, ஊர் முழுக்க இருந்த தறிகள். நிலைக்கதவு அதிர்ந்தது. ஷோகேஸில் இருந்த சங்கத்துக் கேடயங்கள் ஒவ்வொன்றாகக் குப்புற விழுந்தன. என் கோபம் தாளம் தப்பாமல் வந்தது.

பெண்ணின் அப்பா தலையை ஆட்டிக்கொண்டு, "நல்ல குடும்பமுங்க" என்றார். "ஒத்துமையா இருக்கீங்க."

சிந்துஜா எழுந்து நேராகப் பின்னறைக்கு வந்தாள். திரையையும் என்னையும் பார்த்தாள்.

"அக்கா, சத்தம் கூட்டறது எதுங்க?"

பாட்டு ஓடும்வரை என்னாலும் வாயை மூட முடியாது. டிவியின் குமிழைக் கையால் காட்டினேன்.

அவள் திருகினாள். குமிழ் கடைசிவரை போய் முட்டி நின்றது. அவள் இரண்டு கையாலும் பிடித்து அதற்கு மேலும் திருகினாள்.