மாமனார் கொடுத்த வண்டியும் எவர்சில்வர் ஸ்க்ரூவும்

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வருகிறார் என்று வியாழக்கிழமையே செய்தி வந்துவிட்டது. மாமனார் வருவது உலகத்தில் நடக்காத விஷயம் இல்லை. கோழி அடிப்பார்கள், வெற்றிலை பாக்கு வாங்கி வைப்பார்கள், அத்தோடு சரி. ஆனால் ஜெயசீலன் செய்தியைக் கேட்டதும் கோழிக்கடைப் பக்கம் போகவில்லை. வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் அவன் முகம் இன்னும் கொஞ்சம் சுண்டியது.

காரணம் இருந்தது. அந்த வண்டி, மாமனார் கலியமூர்த்தி கல்யாணத்தில் சீராகக் கொடுத்தது. பேசாமல் கொடுத்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். பிரம்மதேசத்தில் நிலமும் மாடுமாக வாழ்கிற மனிதருக்கு, பெண் கொடுத்த இடம் மரக்காணத்து உப்பளக் கரையாக அமைந்ததில் தீராத மனக்குறை. "உப்புக்காத்து இரும்பையே தின்னுடும். என் பொண்ண சும்மா வுடுமா?" என்று நிச்சயதார்த்தத்திலிருந்தே புலம்பிக்கொண்டிருந்தார். ஜெயசீலன் அப்போது புது மாப்பிள்ளை. புது மாப்பிள்ளைக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது மாமா. நீங்க குடுத்த வண்டியவே பாருங்க, மூணு வருசம் கழிச்சும் துருன்ற பேச்சே இருக்காது" என்று கல்யாணப் பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவைத்தான்.

கலியமூர்த்தி இலையிலிருந்து கையை எடுத்தார். "இருந்தா?"

"இருந்தா நீங்க சொன்னபடி கேக்கறேன்."

"ரெண்டு பேரும் பிரம்மதேசத்துக்கு வந்துடணும். நம்ம வூட்டோட."

"சரி மாமா."

பாயசம் வருவதற்கு முன்னால் பேசின பேச்சு. வேறு யாராவது என்றால் ஏப்பம் விடுவதற்குள் மறந்திருப்பார்கள். கலியமூர்த்தி மறக்கவில்லை; மூன்று வருஷம் முடிகிற கணக்குப் பார்த்துத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சொல்வதோடு நிற்காமல், நாலாவது காலை உடைத்தாவது கணக்கைச் சரிசெய்துவிடுகிற மனிதர் அவர்.

வீட்டோடு மாப்பிள்ளை ஆவது என்றால் என்ன என்று ஜெயசீலனுக்குத் தெரியும். தலை தீபாவளிக்கு அங்கே போய்த் தங்கியபோது, கோழி கூவுவதற்கு முன்னால் கதவுக்கு வெளியே ஒரு இருமல் கேட்டது. தொடர்ந்து "மாப்ள எழுந்தாச்சா?" என்று ஒரு கேள்வி. கதவைத் திறந்தால் கையில் சாணிக்கூடை. மாப்பிள்ளைக்கு மரியாதையில் குறைவில்லை, 'வாங்க போங்க' என்றுதான் கூப்பிட்டார். சாணியையும் 'அள்ளுங்க' என்றுதான் சொன்னார். உப்பளத்தில் இருபது பேரை மேய்க்கும் மேஸ்திரி, அங்கே ஒரு கன்றுக்குட்டியிடம் உதை வாங்கிக்கொண்டு திரும்பினான். அதையே ஆயுசுக்கும் செய்வதா?

இதைவிடப் பெரிய கலக்கம் ஒன்று இருந்தது. மனைவி சத்யப்ரியா இதில் எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியாது. அவள் தினமும் சாயங்காலம் அம்மாவோடு போனில் பேசுவாள். "ஆமாம்மா... பாப்போம்மா..." என்பதுதான் இவன் காதில் விழும். பிறந்த வீட்டு ஏக்கம் யாருக்கு இல்லை? கேட்டுவிடலாம்தான். கேட்டு, 'போலாமே' என்று சொல்லிவிட்டால்? அதனால் மூன்று வருஷமாகக் கேட்காமலே இருந்தான்.

சனிக்கிழமை காலையில் மெக்கானிக் அந்தோணிராஜிடம் வண்டியைக் கொண்டுபோனான். அந்தோணிராஜ் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், பிறகு ஜெயசீலனைப் பார்த்தார்.

"ஏம்பா, இதுல ஸ்க்ரூ எங்க இருக்குது? துருதான் எல்லாத்தையும் புடிச்சிட்டு நிக்குது. கழட்டினா வண்டி தனித்தனியா போயிடும்."

"அண்ணே, நாளைக்கு மாமனார் வர்றாரு."

"அப்ப நான் தொடமாட்டேன். நாளைக்கு அவரு வந்து பாக்கறப்போ என் பேரு அடிபடக்கூடாது."

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அந்த வண்டி நினைத்தது. தினமும் உப்புப் பாத்தி வரப்பில் ஓடி ஓடி, சேறும் காற்றும் பட்டுப் பட்டு, அதன் ஒவ்வொரு ஸ்க்ரூவும் உப்பை நினைத்து உருகிக்கொண்டிருந்தது. கடைசியில் அந்தோணிராஜ் மனம் இரங்கி, ஒரு பொட்டலம் எவர்சில்வர் ஸ்க்ரூவும், இரும்பு அறுக்கிற பழைய ஆக்சா பிளேடு துண்டும், ஒரு யோசனையும் கொடுத்தார். "மண்ணெண்ணெய் ஊத்தி ஊற வையி. சுத்தியால மெதுவா தட்டு. ஸ்க்ரூ தலையில ஸ்டார் தேஞ்சிருந்தா பிளேடால நடுவுல கோடு அறுத்து, தட்டை டிரைவர் போட்டுத் திருவு. அவசரப்படாத."

ஜெயசீலன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான், கடைசி வார்த்தையைத் தவிர. ஊறட்டும் என்று ஊற்றிய மண்ணெண்ணெய் தரையில் சொட்டுவதற்குள் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினான். முதல் ஸ்க்ரூவின் நட்சத்திரம் வட்டமாகிவிட்டது. இரண்டாவதில் ஸ்க்ரூ டிரைவரின் முனையே வட்டமாகிவிட்டது. மூன்றாவதைத் திட்டினான். திட்டினதற்குப் பயந்தோ என்னவோ அது சுற்றியது. சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, வெளியே மட்டும் வரவில்லை.

கடைசியில் அந்தோணிராஜ் சொன்னபடி பிளேடால் கோடு அறுத்துத் திருகி, மதியத்துக்குள் நம்பர் பிளேட், மட்கார்டு, செயின் கவர் எல்லாவற்றிலும் எவர்சில்வர் ஏறிவிட்டது. உடம்பெல்லாம் எண்ணெயும் துருத்தூளுமாக இருந்தாலும் ஜெயசீலனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று. சைடு கவரின் நடுவில், பார்க்கிறவன் கண்ணுக்கு முதலில் தெரிகிற இடத்தில் ஒரு ஸ்க்ரூ. அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான். 'டக்' என்றது. தலை மட்டும் கையோடு வந்தது, உடம்பு உள்ளேயே தங்கிவிட்டது. தலை போன இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு ஓட்டை வாயைத் திறந்துகொண்டு நின்றது.

ஜெயசீலன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சத்யப்ரியா துணி தைக்கிற மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். உள்ளே போய், ஸ்டிக்கர் பொட்டு அட்டையோடு திரும்பி வந்தாள். அதில் வெள்ளி நிறத்தில் வட்டமாக ஒன்றை உரித்து, ஓட்டையின் மேல் ஒட்டினாள். கண் மையைத் தொட்டு, தீக்குச்சியால் அதன் நடுவே ஒரு கூட்டல் குறி போட்டாள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் அசல் ஸ்க்ரூ. சொல்லப்போனால் மற்ற ஸ்க்ரூக்களைவிட அழகாக இருந்தது.

"சத்யா..." என்று ஆரம்பித்தான்.

"போயி குளிங்க. மண்ணெண்ண நாத்தம் தாங்கல" என்று அவள் மெஷினுக்குத் திரும்பிவிட்டாள். புருஷன் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பாவப்பட்டுச் செய்தாளா, அல்லது இங்கேயே இருக்க விரும்பிச் செய்தாளா? அன்று ராத்திரி ஜெயசீலனுக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் கலியமூர்த்தி பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் இருந்த பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. வாசலிலேயே வண்டியின் முன்னால் நின்றுவிட்டார்.

"இன்னா மாப்ள, வண்டிக்குப் பல்லு கட்டியிருக்கீங்களா? இந்த மினு மினுக்குது."

"அது... கம்பெனி ஸ்க்ரூ சரியில்ல மாமா. நல்லதா போட்டேன்."

அவர் குனிந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார், சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதைப்போல. நம்பர் பிளேட், மட்கார்டு, செயின் கவர். சைடு கவர் வந்தது. ஜெயசீலன் மூச்சை நிறுத்திக்கொண்டான். கட்டை விரலால் அழுத்தினார், எடுத்தார், வெயிலுக்கு நெற்றி வியர்வையை அதே விரலால் வழித்துவிட்டு நிமிர்ந்தார். வெள்ளிப் பொட்டு இப்போது அவருடைய நெற்றியில் இருந்தது, கூட்டல் குறியோடு.

ஜெயசீலன் பாய்ந்துபோய் சைடு கவரின் மேல் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

"பரவால்ல மாப்ள" என்றார் கலியமூர்த்தி. குரலில் ஏமாற்றம் நன்றாகவே தெரிந்தது. "சொன்னபடி வெச்சிருக்கீங்க. நான் என்னமோ நெனச்சேன்." மாமனார் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அவன் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து சத்யப்ரியா மோர்ச் சொம்போடு வெளியே வந்தாள். அப்பாவைப் பார்த்தாள். சொம்பு ஆடியது, மோர் சிந்தியது, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எதுக்குடி சிரிக்கிற?"

அவள் கையை நீட்டி நெற்றியிலிருந்து பொட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். கலியமூர்த்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையை மெதுவாக ஒதுக்கிவிட்டு ஓட்டையைப் பார்த்தார். சுண்டு விரலை விட்டு எடுத்தார். விரல் நுனி பழுப்பாக வந்தது.

"துரு" என்றார். அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "பேச்சு பேச்சுதான் மாப்ள. மூட்டைய கட்டுங்க."

ஜெயசீலன் தலையைக் குனிந்துகொண்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவனுக்குப் பேச என்ன இருக்கிறது? "சரி மாமா. சொன்னது சொன்னதுதான்" என்றான். அவன் காதில் அந்த இருமல் இப்போதே கேட்டது.

"நான் வரலப்பா" என்றாள் சத்யப்ரியா.

இரண்டு ஆண்களும் திரும்பினார்கள்.

"பந்தயம் கட்டினது நீயும் அவரும். என்னை யாராவது கேட்டீங்களா? எனக்கு இங்க தையல் மெஷின் இருக்குது. மாசம் ஒருக்கா பாண்டிக்குப் போயி துணி எடுத்தாறேன். காலைல என் இஷ்டத்துக்கு எழுந்துக்கறேன்." கொஞ்சம் நிறுத்தி, பக்கத்தில் நின்றவனைப் பார்க்காமலே சொன்னாள்: "இவரும் இருக்காரு. எனக்கு இங்கதான் புடிச்சிருக்குது."

மூன்று வருஷமாகக் கேட்கப் பயந்த பதில் இதுதானா? கேட்டிருந்தால் முதல் வருஷமே நிம்மதியாகத் தூங்கியிருக்கலாமே என்று ஜெயசீலனுக்கு வெட்கமாகவும் இருந்தது.

கலியமூர்த்தி லேசில் விடுகிறவரா? "அப்ப என் பேச்சு இன்னா ஆவறது? துரு புடிச்சா பிரம்மதேசம் வரணும்னு ஊரே கேட்டுச்சு."

"துரு எனக்கா புடிச்சிது? வண்டிக்குத்தானே. வண்டிய கூட்டிட்டுப் போ."

அவர் யோசித்தார். யாராவது ஒருவர் பிரம்மதேசத்துக்கு வந்தால்தான் அவர் மானம் நிற்கும். "அதுவும் நாயந்தான்" என்றார்.

"அங்க துரு புடிச்சா?" என்று கேட்டாள் சத்யப்ரியா.

"நம்ம ஊருலயா? புடிச்சா நானே கொண்டாந்து வுட்டுடறேன்."

கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு, எவர்சில்வர் மினுமினுக்க அவர் வண்டியை உதைத்துக் கிளம்பினார். ஒரு நாள் முழுக்கக் கை தேய உழைத்தவன் தெருமுனை வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். நாளைக்கு உப்பளத்துக்கு நடந்துதான் போக வேண்டும். ஆனாலும் அவனுக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது.

"போச்சு வண்டி" என்றான்.

"எங்கயும் போவாது" என்றாள் சத்யப்ரியா, சிந்திய மோரைத் துடைத்துக்கொண்டே. "எங்கப்பா அத மாட்டுக் கொட்டாயிலதான் நிறுத்துவாரு. ஆறு மாட்டு மூத்திரத்துல தீபாவளி வரைக்கும் துரு புடிக்காம தாங்கினா பெரிசு."