பச்சைத் துணி சுற்றிய டேப்

பக்கத்துத் தெரு டீச்சர் அன்றைக்கு ஒரு பழைய சட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். "அளவுக்கு இத வச்சுக்கங்கக்கா. ஒடம்பு மேல வச்சு எடுக்க வேணாம்." வருஷக்கணக்காகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்று, டேப் அக்குளில் பட்டால் கூச்சத்தில் நெளிந்து, ஹெட்மாஸ்டரை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே அளவு கொடுக்கிறவள். இன்றைக்கு வாசற்படி தாண்டவில்லை. தையல்காரியின் முகத்தைப் பார்க்காமல், கழுத்தில் கிடந்த டேப்பை மட்டும் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டாள். ஆக, தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

டவுனில் நடந்த போட்டோக் கண்காட்சியில் மாட்டியிருந்த அந்தப் படத்தில் முகமே கிடையாது. கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரு நடுவயதுப் பொம்பளையின் வெற்றுடம்பு. ஒரு பக்கம் மார்பு. மறுபக்கம் ஒன்றுமில்லை, அக்குளை நோக்கி ஏறிப்போகும் ஒரு கோணல் தையல் மட்டும். அந்த வெறும் பக்கத்தின் மேல் ஒரு இஞ்சு டேப் தொங்கியது. நுனித்தகடு என்றைக்கோ விழுந்துபோய், அந்த இடத்தில் பச்சைத் துணி சுற்றி மஞ்சள் நூலால் தைத்த டேப். ஊரே அந்தப் படத்தைப் பார்த்துக் காறித் துப்பியதே, அவர்களில் ஒருவருக்கும் அது யார் என்று தெரியாது. ஆனால் அந்தப் பச்சை நுனி இந்தத் தெருவில் எந்தப் பெண்ணின் இடுப்பைச் சுற்றி வரவில்லை, எந்த மார்பைச் சுற்றி வரவில்லை? படம் எடுக்கும்போது டேப்பைக் கழற்ற வேண்டும் என்றே தையல்காரிக்குத் தோன்றவில்லை. நெற்றியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவர்கள் இல்லையா, அந்த மாதிரிதான் அது அவள் கழுத்தில் கிடந்தது.

படம் எடுத்த பெண் துணி தைக்கக் கொடுக்க வந்தவள்தான். படம் எடுக்கலாமா என்று வெட்கத்தோடு மென்று முழுங்கி அவள் கேட்டபோது, தையல்காரி உடனே சரி என்று சொல்லிவிட்டாள். அது அவளுக்கே ஆச்சரியம். "மொகம் வராதுக்கா" என்றாள் அந்தப் பெண். "வந்தாத்தான் என்ன, சினிமாவுலயா கூப்பிடப் போறாங்க" என்று சிரித்தாள் இவள். மேல்துணியை எடுத்ததும் அந்தப் பெண் முகத்தைச் சுளிக்கவில்லை, ஐயோ பாவம் என்று கண் கலங்கவும் இல்லை. பார்த்தாள். வெளிச்சம் எங்கே விழுகிறது என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "டாக்டர் தையல் ரொம்பக் கோணல். என்கிட்ட குடுத்திருந்தா நேரா அடிச்சிருப்பேன்" என்று இவள் சொன்னதற்கு, கேமராவை இறக்கிவைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த இடத்துக்கு முன்னால் யாரும் சிரித்ததில்லை.

வீட்டுக்காரர் நல்ல மனுஷன், அதில் சந்தேகமே வேண்டாம். பஸ் டிரைவர். ஆஸ்பத்திரியில் ராப்பகலாகக் கிடந்தார், கஞ்சி ஊட்டினார், வாந்தியைக் கையில் ஏந்தினார். ஆனால் கட்டுப் பிரித்த நாளிலிருந்து அவள் துணி மாற்றினால் எழுந்துபோய் லைட்டை அணைத்துவிடுவார். கேட்டால், "ஒனக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான்" என்பார். எனக்கு ஒரு சங்கடமும் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒரே ஒரு தடவை அவர் பார்த்துவிட்டால் போதும், முகம் சுளித்தாலும் பரவாயில்லை என்று கிடந்து தவித்தாள். படத்துக்குச் சம்மதித்ததுகூட அதற்குத்தான். எங்கேயாவது, எப்படியாவது அவர் கண்ணில் பட்டுவிடாதா!

யாருக்கும் சொல்லாமல் ஒரு நாள் கண்காட்சிக்குப் போனாள். படத்துக்கு முன்னால் சந்தை மாதிரிக் கூட்டம். "இதெல்லாம் ஒரு கலையா? கருமம்!" என்று ஒரு பெரியவர் கத்திக்கொண்டிருந்தார். காசுக்காக யாரோ நோயாளியை ஏமாற்றி எடுத்த படம் என்று ஒரு அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அதெல்லாம் இல்லை, இது நம் சமூகத்தின் காயம் என்று ஜோல்னாப் பை போட்ட ஒருவர் விளக்கினார். அடேயப்பா, காயமாம்! காயம் ஆறி வருஷமாகிறது ஐயா, குளிர்காலத்தில் கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான் என்று சொல்ல நினைத்தாள். யாரிடம் சொல்வது? எல்லோரும் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். படத்தின் கண்ணாடியில் எச்சில் வழிந்து காய்ந்திருந்தது. முந்தானையால் துடைக்கப் போனவளை, "தொடாதீங்கம்மா" என்று காவலாளி விரட்டினான்.

டீச்சர் போன கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் போன் செய்தாள். "படத்த எறக்கிட்டாங்கக்கா." குரல் அழுது அழுது கம்மிப்போயிருந்தது. "நான் வேணா வந்து, நான்தான்னு சொல்லட்டுமா?" என்று இவள் கேட்டாள். "வேணாங்கா. ஒங்களையும் கிழிச்சுத் தொங்க விட்ருவாங்க." டீச்சரின் பழைய சட்டையை விரித்து அளந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே உடம்பு இல்லாத துணியை அளப்பது அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பியோடு வந்தவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்தப் படம்தான். பயமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"நான்தான் அது" என்றாள்.

"தெரியும். டிப்போவுல எல்லாரும் பாத்துட்டுத் திட்டினாங்க. நானும் சேந்து திட்டினேன். அப்புறந்தான்..."

"பாத்தீங்களா?"

"டேப்பப் பாத்தேன்."

"டேப்ப மட்டுமா?"

அவர் போனைக் கொஞ்சம் சாய்த்தார். அப்போதுதான் கவனித்தாள். தழும்பு இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்திருந்தார். பச்சை நுனி மட்டும் விரலுக்கு வெளியே தெரிந்தது. பையிலிருந்து ஒரு புது டேப்பை எடுத்து மெஷின் மேல் வைத்தார். "இனிமே இதப் போட்டுக்க. அந்தப் பழச வெட்டிப் போட்ரு. கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்துருவாங்க." குரலில் கோபமே இல்லை. அந்தப் பரிவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

காப்பியை வைத்தாள். பழைய டேப்பைக் கழற்றி அவர் மடியில் போட்டாள். அவருக்கு நேர் எதிரே, டியூப்லைட்டுக்குக் கீழே வந்து நின்று, மேல் பொத்தானில் கை வைத்தாள்.

"என்னங்க, இங்க பாருங்க. ஒரு தரம்."

முதல் பொத்தான். இரண்டாவது. அவர் போனை மெஷின் மேல் வைத்துவிட்டு எழுந்தார். தன்னிடம்தான் வருகிறார் என்று நினைத்தாள். மடியிலிருந்த டேப் தரையில் விழுந்தது. அவர் அவளைத் தாண்டிப் போய், எப்போதும் போல, சுவிட்சைத் தட்டினார்.

இருட்டில் அவள் கடைசிப் பொத்தானையும் கழற்றினாள். மெஷின் மேல் போன் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மறைக்க விரல் இல்லாமல், தையலும் டேப்புமாய், அவள் உடம்பு முழுசாக அதில் தெரிந்தது. யாரும் தொடாததால், கொஞ்ச நேரத்தில் அது மங்கி, தானாகவே அணைந்தது.