கட்டுக்கலை விருந்து

"என்னை ஏதாவது ஒரு ஹோட்டல்ல விட்டுருங்க. உங்க வீட்டுக்கு வேண்டாம்."

கண்டி ரயில் நிலையத்தில் மாலையோடு காத்து நின்ற மனிதரிடம் வடிவம்மா சொன்ன முதல் வார்த்தையே இதுதான். இதை மட்டும் கேட்டுவிடாதே என்று சென்னையில் விடுதிக் காப்பாளர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். அங்கே ஆள் வந்து நிற்கும்போது ஹோட்டல் என்று வாயெடுத்தால், அந்த வீட்டு இலையில் துப்பினதுபோல் எடுத்துக்கொள்வார்களாம்.

மாலையை நீட்டிய கை பாதியில் நின்றது. அவர் பெயர் பொன்னுத்துரை. யாழ்ப்பாணத்துக்காரர், நகரசபையில் கிளாக்கர், கண்டித் தமிழர்கள் சங்கம் வைத்து நடத்தும் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் காரியதரிசி. தலைமை ஆசிரியையாக பி.ஏ. படித்த ஒரு பெண்ணைத்தான் கொண்டுவர வேண்டும் என்று சங்கத்தில் ஒற்றைக்காலில் நின்று சாதித்தவரும் அவரே.

"ஹோட்டலோ? என்ன பிள்ளை இது. என்ர மனுசி அன்னலட்சுமி விடிய எழும்பிச் சமைக்கத் தொடங்கினவ. சங்கத்து ஆக்கள் எல்லாரும் உங்களைப் பார்க்கவெண்டு எங்கட வீட்டிலை வந்து இருக்கினம்."

வீடு என்றால் வடிவம்மாவுக்குத் தெரியும். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நீ யார் வீட்டுப் பெண் என்ற கேள்வி வந்துவிடும். பதிலைப் பொறுத்துத்தான் தண்ணீர் வரும், எந்தப் பாத்திரத்தில் என்பதும் முடிவாகும். ஹோட்டலில் அந்தத் தொல்லை இல்லை. பெட்டியை வைத்தோமா, குளித்தோமா, மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனோமா என்று இருக்கலாம். கடலையும் காட்டையும் தாண்டி வந்த களைப்பில் அவள் விரும்பியது அவ்வளவுதான். ஆனால் பெட்டி அதற்குள் காரில் ஏறிவிட்டது.

காரோட்டி தாஸிம் அக்குறணைக்காரர். மழைக்காகப் பக்கத்துத் திரைகளை இறக்கிவிட்டு, நோனா, அதாவது அம்மா, நனையாமல் ஏறட்டும் என்று கதவைத் திறந்து பிடித்தார். கார் பேராதனை வீதியில் கட்டுக்கலையிலிருந்த அவர் வீட்டை நோக்கிக் கிளம்பியது.

பொன்னுத்துரைக்கு மனத்தாங்கல் வெகுநேரம் நிற்காது போலும். இந்த நாட்டில் பெண்களுக்கும் வோட்டு இருக்கிறது, உங்கள் நாட்டில் எல்லாருக்கும் இருக்கிறதா என்று கேட்டுச் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் இந்த வருடம் சேர்ந்த பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். பிறகு மச்சம் மாமிசம் சாப்பிடுவாளா என்று விசாரித்தார். இல்லை என்றாள் வடிவம்மா. விடுதியில் போட்ட மீன் குழம்பின் வாடை அவளை அந்தப் பக்கமே போகவிடாமல் செய்திருந்தது. ஆனால் மனிதரின் முகம் விளக்கேற்றியதுபோல் ஆயிற்று.

"நான் அப்பவே சங்கத்திலை சொன்னனான். திருநெல்வேலி, சைவச் சாப்பாடு, படிச்ச குடும்பம். ஆரெண்டு சொல்லவும் வேணுமோ எண்டு. அப்பா நிலபுலத்தைப் பார்க்கிறாரோ?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"எங்களுக்கு நிலமே கிடையாது. அப்பா செருப்புத் தைக்கிறார். தாத்தாவும் அதுதான். எங்க வீட்டுல முதல்ல பள்ளிக்கூடம் போனது நான்தான்."

 கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் தெரியத் தொடங்கியபோது பொன்னுத்துரை காரோட்டியின் பக்கம் குனிந்தார்.

"தாஸிம், காரைத் திருப்பு. ஏரிக்கரையிலை அந்தப் பறங்கி நோனாவின்ர ஹோட்டலுக்கு விடு. ரீச்சர் களைச்சுப் போனா."

"போங்க ஐயா. வீடா ஹோட்டலான்னு ரெண்டு பேரும் முடிவெடுக்கிறதுக்குள்ள என் காருக்குத் தலை சுத்திரும்," என்று சொல்லிக்கொண்டே தாஸிம் ஸ்டியரிங்கை ஒடித்தார்.

கேட்டது கிடைத்துவிட்டது. வடிவம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஹோட்டலில் ஏரியைப் பார்த்த நல்ல அறையாகவே பேசி எடுத்தார் பொன்னுத்துரை. அவளை விறாந்தையில் உட்காரவைத்துவிட்டு, தானும் ஒரு கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கப்பலில் தலைசுற்றி ரீச்சர் படுத்திருக்கிறா என்று வீட்டில் சொல்லிக்கொள்வாராம். விருந்தை அவர்களே சாப்பிட்டு முடிப்பார்களாம். நாளைக்கு அவள் நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்து கையெழுத்து வைத்தால் போதுமாம்.

"உங்களுக்குத்தான் வேலை. அதிலை மாற்றமில்லை. எனக்குச் சாதி ஒண்டும் இல்லைப் பிள்ளை. மற்றவைக்கு இருக்கு. நீங்கள் பொய் சொல்ல வேண்டாம். ஆரும் கேட்டா நான் சொல்லுறதைச் சொல்லுறன், நீங்கள் பேசாமல் இருந்தாச் சரி."

ஒரு கணம் சரி என்று சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. இந்த வேலைக்காகத்தான் இத்தனை தூரம் வந்தாள். திரும்பிப் போனால் தெருவே வேடிக்கை பார்க்கும். பேசாமல் இருப்பது என்ன பெரிய காரியமா? ஆனால் நாளைக்கு மகள் வேலை பார்க்கிற இடத்தைப் பார்க்க அப்பா வந்து நிற்பார். தைத்துத் தைத்துத் தடித்துப்போன அந்தக் கைகளை எங்கே ஒளித்து வைப்பது? அப்பாவை யார் என்று சொல்வது? தன் அப்பாவைப் பற்றியே வாய் திறக்காதவள், எழுந்து நின்று பதில் சொல் என்று ஒரு பிள்ளையிடம் எந்த வாயால் சொல்லுவாள்?

"உங்க வீட்டுல இன்னும் இலை போட்டிருக்க மாட்டாங்கல்ல?" என்று கேட்டாள்.

அவருக்குப் புரியவில்லை. "இல்லை. எங்கட வரவைப் பார்த்துக்கொண்டு இருப்பினம். ஏன்?"

"நான் வர்றேன். எல்லாரும் ஒண்ணா இருக்காங்க, நல்லதாப் போச்சு. உங்ககிட்டச் சொன்னதை அப்படியே அவங்ககிட்டயும் சொல்றேன். கேட்டுட்டு வேலை குடுக்கிறதா இருந்தா குடுக்கட்டும்."

"பிள்ளை, அவை மாட்டினம். நீங்கள் வாசலைத் தாண்டினாலே அன்னலட்சுமி..."

"மாட்டோம்னு என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். பி.ஏ. படிச்ச பொம்பளையைத் தேடி அலையற பள்ளிக்கூடம் உங்களோடது ஒண்ணுதானா? கம்பளையில இல்லையா, மாத்தளையில இல்லையா? நான் தேடிக்குவேன். நீங்கதான் மறுபடியும் சங்கத்துல சண்டை போடணும்."

 அவர் மேசையிலிருந்த தன் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், எழுந்திருக்கவில்லை.

வடிவம்மா முகத்தைக் கழுவக்கூட நிற்கவில்லை. அறைச் சாவியைக் கொண்டுவந்த பறங்கிப் பெண்மணியிடம், பெட்டி இங்கேயே இருக்கட்டும், ராத்திரி வந்துவிடுவேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் கதிரையைக் கடந்து, விறாந்தைப் படிகளில் இறங்கி, தூறலுக்குள் காரை நோக்கி நடந்தாள்.