ஷட்டர் கொக்கி யாருக்குச் சொந்தம்

என் வீட்டுக்காரர் தோளில் ஷட்டர் விழுந்த அன்றைக்கே எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஸ்பிரிங் அறுந்தால் அத்தனை இரும்பும் ஆள் மேல் வந்து விழும். தடுக்க ஒரு துரும்புகூட இருக்காது. கடைகளுக்கு ஷட்டர் மாட்டுவதுதான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு. அவர் எலும்பு கூடும்வரை நான் தனியாகவே ஏணி ஏறினேன். பட்டறையில் கழித்துப் போட்ட தகட்டை அறுத்து அறுத்துப் பார்த்து, கடைசியில் ஒரு கொக்கி செய்தேன். ஷட்டர் திடீரென்று வேகமாக இறங்கினால் கொக்கி பல்சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். காரில் சீட் பெல்ட்டைச் சட்டென்று இழுத்தால் பிடித்துக்கொள்ளுமே, அந்த மாதிரி.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக எதை மாட்டினாலும் ஷட்டர் சுருண்டு நிற்கும் மேல்பெட்டியின் மூடியைச் சில வாரம் போட மாட்டோம். தேய்மானம் கண்ணில் பட வேண்டும். உடனே மூடினால், என்னத்தை ஒளிக்கிறாய் என்று மற்ற ஷட்டர்காரர்கள் கேலி பண்ணியே கொன்றுவிடுவார்கள். ஒரு கடையில் மூடினால் அடுத்த கடையில் திறந்திருக்கும். இப்படியே என் கொக்கி கடைவீதியில் வருஷக்கணக்கில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர்கள் போனில் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் பெரிய ஷட்டர் கம்பெனி ஒன்றிலிருந்து ஒருவர் வந்தார். கொளுத்துகிற வெயிலிலும் டையைக் கழற்றவில்லை. அன்றிலிருந்து எங்களுக்கு அவர் டைக்காரர்.

"நல்ல யோசனைம்மா. எங்க பேருக்கு எழுதிக் குடுத்துடுங்க. மொத்தமா ஒரு தொகை தந்துடறோம்."

"அப்புறமும் நான் செய்யலாம்ல?"

"அது எப்படிம்மா? எங்க அனுமதி இல்லாம செய்யக்கூடாது."

நான் பெற்ற பிள்ளையைத் தூக்க இவரிடம் அனுமதி வாங்கணுமாம்! "போயிட்டு வாங்க சார். வராட்டியும் பரவாயில்லை" என்றேன்.

"உங்க இஷ்டம். இதே மாதிரி ஒண்ணை எங்க ஆளுங்களும் யோசிச்சிட்டுத்தான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, நான் ஏறியிருந்த ஏணிக்கு அடியில் நின்று, கொக்கியை நிதானமாகப் படம் எடுத்துக்கொண்டு போனார். என் கொக்கியை நானே செய்யக்கூடாது என்று ஒருத்தன் சொல்லிவிட்டால்?

மறுநாளே, புதுக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கித் தரும் வக்கீலம்மா ஒருவரைப் போய்ப் பார்த்தோம். டைக்காரர் கதையைச் சொன்னதும் அவர் பொறுமையாக விளக்கினார். விவரம் எழுத ஒரு கட்டணம், தாக்கல் செய்ய ஒன்று, பரிசோதனைக்கு ஒன்று. கிடைத்த பிறகும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி.

"அப்புறம் எவனாவது திருடினா அரசாங்கம் பிடிக்கும்ல மேடம்?"

"பிடிக்காது. நீங்கதான் கண்டுபிடிக்கணும், நீங்கதான் கேஸ் போடணும். அந்தச் செலவு இதைவிடப் பல மடங்கு."

"ஏன் மேடம், பூட்டுக்கும் காசு குடுத்துட்டு, காவலுக்கும் நானேதான் நிக்கணுமா?"

அவர் சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "போடுங்க மேடம். வேன் வாங்க வெச்சிருந்த பணம் இருக்கு" என்றார்.

வக்கீலம்மா பேனாவை எடுத்தார். "இதை வெளியில யாருக்காவது காட்டியிருக்கீங்களா?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! கடைவீதில ஒரு குழந்தையைக் கேட்டாக்கூட காட்டும்!"

பேனா மேசைக்குப் போய்விட்டது. "அப்ப முடியாதும்மா. ஊரே பாத்த பொருள் புதுசுன்னு ஆகாது. சில நாட்டுல கொஞ்சம் அவகாசம் குடுப்பாங்க, உங்களுக்கு அதுவும் தாண்டிடுச்சு. உங்க பணத்தை வாங்கிட்டு நான் பொய் சொல்ல விரும்பல."

ஒளிக்காமல் செய்ததற்குத் தண்டனையா? அந்த அறையிலேயே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூடியைப் போட்டுத் தொலைத்திருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"இருங்க, முழுசா கேளுங்க" என்றார் அவர். "அதே விதி அந்தக் கம்பெனிக்கும்தான். அவங்க தாக்கல் பண்ணினா, நாம எதிர்ப்பு எழுதிப் போடலாம். அதுக்குப் பெரிய செலவில்லை. யார் யார் படம் எடுத்தாங்களோ, தேதியோட வாங்கிட்டு வாங்க."

அன்று சாயங்காலம் கடைவீதியில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினேன். "உனக்கு இல்லாததா?" என்று சொல்லி எல்லோருமே படத்தை அனுப்பினார்கள்.

சில மாதம் கழித்து, நான் செருப்புக் கடை வாசலில் ஏணி மேல் நிற்கும்போது டைக்காரர் மறுபடி வந்தார். "விண்ணப்பம் போட்டாச்சும்மா. இனி நீங்க இதைத் தொடாம இருக்கிறது நல்லது."

"தெரியும் சார். வக்கீலம்மா பாத்துச் சொன்னாங்க. அதுக்கு எதிர்ப்பும் போட்டாச்சு. இந்தக் கடைவீதியே சாட்சி. வேணும்னா கீழ இருக்காங்களே செருப்புக்கடை அக்கா, அவங்க போனைப் பாருங்க."

அக்கா கேட்காமலே போனை நீட்டினாள். அவர் தேதியைப் பார்த்தார். முகம் சுருங்கியது, ஆனால் ஆள் விடவில்லை.

"சரி, எங்களுக்குக் கிடைக்கலன்னே வெச்சுக்குங்க. உங்களுக்கு மட்டும் என்ன கிடைச்சுது? எவன் வேணா செய்வான். நீங்க வாயில விரலை வெச்சுட்டு நிக்கணும்."

உண்மைதான். சுருக்கென்று தைத்தது. எத்தனை நாள் தூக்கம், எத்தனை தகடு! எதிர்வரிசையில் ஷட்டர் மாட்டிக்கொண்டிருந்த வேறொரு ஆள், எங்களுக்குப் போட்டியாகத் தொழில் செய்கிறவர், கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே!" என்று ஏணியிலிருந்தே கத்தினேன். "உங்களுக்கு இந்தக் கொக்கி வேணுமா?"

"குடுப்பியாம்மா?" என்றார் அவர், நம்பாமல்.

"ஏணியைத் தூக்கிட்டு இங்க வாங்க. எப்படி அறுக்கிறது, எங்க வளைக்கிறது, எல்லாம் சொல்றேன். சார், நீங்களும் நின்னு கேளுங்க. செய்யுங்க, விக்கவும் செய்யுங்க. என்னைச் செய்யாதேன்னு மட்டும் சொல்லிப் பாருங்க!"

தகட்டின் கனத்திலிருந்து ஆரம்பித்தேன், தெருக்கோடிவரை கேட்கிற குரலில்.